மாமா வாங்காத காரும் திறக்கவிடாத பேட்டரியும்

செமஸ்டர் முடிந்து ஊருக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. போன தடவை புரோட்டா சால்னாவைப் பற்றி எழுதி எல்லோரையும் பசியோடு அனுப்பி வைத்தேன். இந்தத் தடவை கொஞ்சம் கோபமாக எழுதப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோபத்துக்குக் காரணம், எங்கள் மாமா வாங்காமல் விட்ட ஒரு கார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. வீடு திருச்சியில், வேலை லால்குடியில். போக வர தினமும் 40 கிலோமீட்டர். மனிதர் இந்த வயது வரை புது வண்டி என்று ஒன்று வாங்கியதே இல்லை. "ஷோரூம் வாசலைத் தாண்டினாலே லட்ச ரூபா போச்சுடா" என்பார். செகண்ட் ஹேண்ட் வாங்குவதில் அவர் ஒரு டாக்டர். ஆயில் மூடியைத் திறந்து பார்ப்பார், சைலன்சர் வாயில் விரலை விட்டுக் கரியைப் பார்ப்பார், காலையில் எஞ்சின் ஆறிக்கிடக்கும்போது ஸ்டார்ட் பண்ணிக் காதைக் கொடுப்பார். கடைசியில் தன் மெக்கானிக்கைக் கூட்டி வந்து காட்டி, அவர் தலையாட்டினால்தான் அட்வான்ஸ்.

இந்த முறை ஒரு மின்சார கார் மாட்டியது. நாலு வருடம் ஓடியது, 48 ஆயிரம் கிலோமீட்டர், விலை புதுசில் பாதிக்கும் கீழே. மாமா ஆசையாக என்னையும் கூட்டிக்கொண்டு போனார். (இ.இ.இ. மூன்றாம் வருடம் படிக்கிற மாப்பிள்ளை வேறு எதற்கு இருக்கிறான்?) பானெட்டைத் திறந்தார். ஆயில் மூடி இல்லை. பின்னால் போனார். சைலன்சர் இல்லை. ஸ்டார்ட் பண்ணினார். சத்தம் இல்லை.

"பேட்டரி எங்கடா?"

"அடியில மாமா. தரையோட தரையா இருக்கும்."

"எங்க திறக்கறது?"

"திறக்க முடியாது மாமா. சீல் பண்ணியிருக்கும்."

"அப்ப இது நல்லா இருக்கா இல்லையான்னு எப்படிடா தெரியும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மூன்று வருடம் ஃபீஸ் கட்டிய அப்பா பக்கத்தில் இல்லாதது என் அதிர்ஷ்டம்.

கடைக்காரர் உள்ளே உட்கார்ந்து டேஷ்போர்டைக் காட்டினார். "பாருங்க சார், நூறு பர்சன்ட். பேட்டரி சூப்பரா இருக்கு." அந்த நூறு எதில் நூறு என்பதுதான் கேள்வியே. குடம் சுருங்கிப்போனாலும், நிரம்பினால் அது நிறைகுடம்தான். டேஷ்போர்டில் தெரிவது இன்றைக்குக் குடம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது மட்டுமே. குடமே எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பது வேறு கணக்கு. அதை ஆங்கில எழுத்துகளில் எஸ்.ஓ.எச். என்பார்கள், அதாவது பேட்டரியின் ஆரோக்கியம். புதிதாக இருந்தபோது எவ்வளவு மின்சாரம் பிடித்ததோ, அதில் இன்று எத்தனை சதவீதம் பிடிக்கிறது என்ற எண். பேட்டரியோடு இருக்கும் கண்ட்ரோல் போர்டு இந்த எண்ணை ஓயாமல் கணக்குப் போட்டுக்கொண்டேதான் இருக்கிறது. வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

சரி என்று அந்த கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போனோம். (பெயர் வேண்டாம். எல்லா இடத்திலும் கதை ஏறக்குறைய இதுதான்.)

"அந்த ரிப்போர்ட் எங்களுக்கு இன்டர்னல் சார். வாரண்டி க்ளைம் வந்தாதான் டெஸ்ட் போடுவோம்."

"உள்ள ஒரு செல் மட்டும் போச்சுன்னா?"

"பேக்கையே மாத்தணும் சார்."

"எவ்வளவு ஆகும்?"

"அது வர்றப்ப கம்பெனில கேட்டுச் சொல்லுவோம்."

மாமா வெளியே வந்து ஒரு டீ சொன்னார். குடித்து முடித்ததும், "விடுடா, வைத்தியம் பாக்கவும் மாட்டான், வியாதி என்னன்னும் சொல்ல மாட்டான். இதுக்கு நம்ம பெட்ரோலே மேல்" என்றார். அடுத்த வாரம் ஒரு பழைய பெட்ரோல் கார் வாங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த மின்சார கார் பெரும்பாலும் நன்றாகத்தான் இருந்திருக்கும். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

பெரியப்பாக்கள் சொல்வது

மின்சார கார் என்று வாயைத் திறந்தாலே குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு பெரியப்பா வந்துவிடுவார். "எட்டு வருஷத்துல பேட்டரி செத்துடும். மாத்தணும்னா கார் விலை ஆகும்." கூடவே, "உன் மொபைல் பேட்டரி ரெண்டு வருஷத்துல என்ன ஆச்சு?" என்று ஒரு நெத்தியடி கேள்வி.

முதலில் எட்டு வருடம். பெரும்பாலான கம்பெனிகள் கொடுப்பது 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி. அது வாரண்டியின் ஆயுள். ஒரு வருட வாரண்டியோடு வாங்கிய மிக்ஸி இரண்டாவது வருடம் முதல் தேதியில் செத்தா போகிறது? நம் வீட்டு மிக்ஸி பதினைந்தாவது வருடமும் இட்லி மாவைத் தவிர எல்லாவற்றையும் அரைக்கிறது. பேட்டரி வாரண்டியில் பொதுவாக எழுதியிருப்பது, இந்தக் காலத்துக்குள் கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் நாங்கள் பொறுப்பு என்பது. 70 சதவீதத்திலும் கார் ஓடும். 200 கிலோமீட்டர் ஓடியது 140 ஓடும். லால்குடிக்கு மூன்று தடவை போய் வரலாம்.

அடுத்து மொபைல். மொபைலை நாம் தினமும் கிட்டத்தட்ட காலியாக்கி, தினமும் நிரப்புகிறோம். வருடத்துக்கு முந்நூறு சுழற்சிக்கு மேல். காருக்கு அப்படி இல்லை. 30 யூனிட் பேட்டரி உள்ள கார் ஒரு சார்ஜில் நிஜமாக 200 கிலோமீட்டர் ஓடும் என்று வையுங்கள். (கிலோவாட் மணி என்று புத்தகத்தில் படிப்பதும், கரண்ட் பில்லில் வரும் யூனிட்டும் ஒன்றுதான்.) மாமாவுக்கு வருடம் 300 நாள், நாளுக்கு 40 கிலோமீட்டர், ஆக 12,000 கிலோமீட்டர். 200-ஆல் வகுத்தால் வருடத்துக்கு 60 முழுச் சுழற்சி. பத்து வருடம் ஓட்டினாலும் 600. நல்ல லித்தியம் செல் ஆயிரம் சுழற்சியைச் சாதாரணமாகத் தாண்டும். இப்போது இந்தியாவில் பல கார்களில் வருகிற இரும்பு பாஸ்பேட் வகை, அதாவது எல்.எஃப்.பி., இரண்டாயிரம், மூவாயிரம் என்று போகும்.

ஓட்டாமல் வைத்திருந்தாலும் பேட்டரிக்கு வயதாகும் என்பது உண்மை. செல்லுக்குள் வேதிவினை தூங்குவதில்லை. எப்போதும் நூறு சதவீதம் நிரப்பியே வைத்திருந்தால் இன்னும் வேகமாக வயதாகும். ஆனாலும் ஆயிரக்கணக்கான வண்டிகளின் தகவலைத் திரட்டிப் பார்க்கிற ஜியோடாப் என்ற கனடா கம்பெனி 2020-ல் சொன்ன சராசரி இழப்பு ஆண்டுக்கு 2.3 சதவீதம். 2024-ல் சொன்னது 1.8 சதவீதம். சுமாராக 2 என்றே வைத்தால், எட்டு வருடம் ஓடிய காரில் 84 சதவீதம் மிச்சம் இருக்கும். மாமா பார்த்த நாலு வருட காரில் 90-க்கு மேல்.

பெரியப்பா பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் பயம் வருவது இயற்கை. தெரியவிடாமல் வைத்திருப்பவர்கள் யார் என்பதுதான் என் சண்டை.

வெயிலில் வெந்த லீஃப்

பேட்டரியைப் பற்றிய பயத்துக்கு ஒரு நிஜமான பிறந்த ஊர் உண்டு. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸ்.

நிசான் லீஃப் 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. 24 யூனிட் பேட்டரி. உள்ளே 48 மாட்யூல், ஒவ்வொன்றிலும் 4 செல், மொத்தம் 192 செல். அந்த பேட்டரியைக் குளிர்விக்கத் தனியாக எந்த ஏற்பாடும் கிடையாது. தானாக ஆறினால் உண்டு. ஜப்பானுக்கு அது சரி. கோடையில் 45 டிகிரியைத் தொடுகிற பாலைவன ஊருக்கு? 2012-ல் ஃபீனிக்ஸ் வாசிகள் புலம்பத் தொடங்கினார்கள். வாங்கி ஒன்றிரண்டு வருடம்கூட ஆகாமல் கொள்ளளவு சரசரவென்று இறங்கியது. வழக்கு போட்டார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? லீஃப் காரின் டேஷ்போர்டில் சார்ஜ் அளவுக்குப் பக்கத்தில் இன்னொரு வரிசை உண்டு. 12 கோடுகள். பேட்டரியின் ஆரோக்கியம். குடத்தின் அளவையே காட்டிவிட்டார்கள்! கோடு ஒவ்வொன்றாக அணைவதைக் கண்ணால் பார்த்ததால்தான் ஜனங்கள் ஒன்று சேர்ந்து கேட்க முடிந்தது. கடைசியில் நிசான் இறங்கி வந்தது. 5 ஆண்டு அல்லது 60,000 மைலுக்குள் 9 கோட்டுக்குக் கீழே போனால் தாங்களே சரிசெய்து தருவதாக வாரண்டியை மாற்றியது. 2014-ல் அமெரிக்காவில் புது பேட்டரிக்கு விலையையும் பகிரங்கமாக அறிவித்தது: பழையதைத் திருப்பிக் கொடுத்தால் 5,499 டாலர். வெப்பத்தை இன்னும் நன்றாகத் தாங்கும் செல்லும் பிறகு வந்தது.

அதற்குள் லீஃப் சொந்தக்காரர்கள் இன்னொரு படி போய்விட்டார்கள். லீஃப் ஸ்பை என்று ஒரு செயலி. காரின் சோதனைத் துவாரத்தில் ஒரு சின்ன ப்ளூடூத் கருவியைச் செருகினால், பேட்டரியின் ஆரோக்கியத்திலிருந்து தனித்தனி செல்லின் வோல்டேஜ் வரை மொபைலில் வரும். பழைய லீஃப் வாங்கப் போகிறவர் பாக்கெட்டில் அதை வைத்துக்கொண்டு போகிறார். மாமா சைலன்சரில் விரல் விடுவது மாதிரிதான்!

ஜப்பானில் நடந்தது எனக்கு இன்னும் பிடிக்கும். நிசானும் சுமிட்டோமோவும் சேர்ந்து நடத்துகிற ஃபோர் ஆர் எனர்ஜி என்ற கம்பெனி, 2018 மார்ச்சில் ஃபுகுஷிமா மாகாணத்து நாமியே என்ற ஊரில் ஒரு ஆலை திறந்தது. 2011 அணு உலை விபத்தில் மொத்தமாக வெளியேற்றப்பட்ட ஊர் அது. அங்கே பழைய லீஃப் பேட்டரியைப் பிரிப்பார்கள். 48 மாட்யூலையும் சோதிப்பார்கள். நல்லதை எல்லாம் சேர்த்து மறுபடியும் காருக்கே ஒரு பேட்டரி. நடுத்தரமானது ஃபோர்க்லிஃப்ட் மாதிரி வண்டிகளுக்கு. அதற்கும் கீழே இருப்பது பேக்கப் கரண்டுக்கு. அப்படிச் சீர்செய்த 24 யூனிட் பேட்டரிக்கு 2018-ல் வைத்த விலை 3 லட்சம் யென். அதே அளவில் புதுசு 6.5 லட்சம் யென்.

பாதி விலை! ஆக, பேட்டரியைத் திறக்கலாம், சோதிக்கலாம், நல்லதையும் கெட்டதையும் பிரிக்கலாம், மறுபடி காரில் மாட்டலாம். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. செய்ய மனசு இருந்தது, செய்தார்கள்.

இந்த லீஃபின் பாடத்தை மற்ற கம்பெனிகள் பாதி கற்றுக்கொண்டன. இப்போது பெரும்பாலான கார்களில் பேட்டரிக்குத் திரவக் குளிர்விப்பு உண்டு. நம் வேலூர், திருச்சி வெயிலுக்கு அது ரொம்ப முக்கியம், பாராட்ட வேண்டியதுதான். மீதிப் பாடத்தை வேறு மாதிரி கற்றுக்கொண்டார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். கோட்டைக் காட்டினால்தானே கேள்வி கேட்பார்கள்? இன்று விற்கும் பல கார்களில் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். கிடைத்தால் சொல்லுங்கள்.

விலைக் கணக்கு

"சரி, பேட்டரி போகவே போகாதா?" போகும். எப்போதாவது, யாருக்காவது. அப்போது எவ்வளவு?

ப்ளூம்பெர்க் நிறுவனத்தின் எரிசக்தி ஆய்வுப் பிரிவு ஆண்டுதோறும் பேட்டரி பேக்கின் சராசரி விலையைக் கணக்கெடுக்கிறது. 2010-ல் யூனிட்டுக்கு 1000 டாலருக்கு மேல் இருந்தது. 2024-ல் 115 டாலர். 30 யூனிட்டுக்கு 3,450 டாலர், நம் காசில் சுமார் 3 லட்சம். இது கம்பெனிகள் மொத்தமாக வாங்குகிற விலை, நமக்கு அப்படியே கிடைக்காது, ஒத்துக்கொள்கிறேன். கூலி, போக்குவரத்து, லாபம் எல்லாம் சேரட்டும். ஆனால் என்ன விலை என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கூடத் தர மாட்டேன் என்றால் எப்படி? ஹெட்லைட்டுக்கு விலைப்பட்டியல் உண்டு. கண்ணாடிக்கு உண்டு. காரிலேயே விலை அதிகமான சாமானுக்கு மட்டும் "வர்றப்ப கேட்டுச் சொல்லுவோம்".

இதில் அரசாங்கத்தின் பங்கும் உண்டு. மின்சார காரைப் புதிதாக வாங்கினால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், 2019 ஆகஸ்டிலிருந்து. அதே காருக்குப் பேட்டரி மட்டும் தனியாக வாங்கினால் 18 சதவீதம். அதாவது புதுசாக வாங்குகிறவருக்குச் சலுகை, பழசை இன்னும் பத்து வருடம் ஓட்டலாம் என்று நினைப்பவருக்கு வரி. 3 லட்ச ரூபாய்ப் பேட்டரிக்கு 54 ஆயிரம் வரி. சுற்றுச்சூழலுக்காகத்தான் இந்தச் சலுகை என்றால், ஓடுகிற காரைக் குப்பைக்குப் போகவிடாமல் காப்பாற்றுகிறவர் என்ன பாவம் செய்தார்?

சலுகையே இல்லாமல்கூடக் கணக்கு மோசம் இல்லை என்பதுதான் வேடிக்கை. மாமாவின் 12,000 கிலோமீட்டருக்கு, லிட்டருக்கு 15 கொடுக்கிற பெட்ரோல் காரில் 800 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் வருடம் 80 ஆயிரம். மின்சார காரில் சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து 2,000 யூனிட். யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று தாராளமாகவே போட்டாலும் 20 ஆயிரம். வருடத்துக்கு 60 ஆயிரம் மிச்சம். ஐந்து வருடத்தில் 3 லட்சம். மாமா ஐந்து வருடம் பெட்ரோலுக்குக் கூடுதலாகக் கொடுக்கப் போகும் காசில் ஒரு புது பேட்டரி கிட்டத்தட்ட வந்துவிடும். அந்த பேட்டரி தேவைப்படாமலே போயிருக்கவும் வாய்ப்பு நிறைய.

ரசிகர்கள் சொல்வது

பெரியப்பாக்களைத் திட்டிவிட்டு இவர்களை விட்டால் பாவம். ஏதாவது கேட்டால், "ப்ரோ, இப்பல்லாம் லைஃப்டைம் வாரண்டி ப்ரோ" என்பார்கள்.

நல்ல விஷயம்தான். எம்.ஜி. வின்ட்சர் 2024-ல் வந்தபோது பேட்டரிக்கு வாழ்நாள் வாரண்டி என்றார்கள். டாடா 2025-ல் சில மாடல்களுக்கு 15 வருடம், கிலோமீட்டர் கணக்கில்லாமல் என்றது. ஆனால் அடியில் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். முதல் உரிமையாளருக்கு மட்டும். யாருடைய வாழ்நாள் என்று இப்போது புரிகிறதா? பேட்டரியுடையதும் இல்லை, காருடையதும் இல்லை. ஆர்.சி. புத்தகத்தில் முதல் பெயர் இருக்கும் வரை.

கேட்கிறேன், பெயர் மாறினால் செல்லுக்குத் தெரியுமா? போன மாதம் வரை 15 வருடம் தாங்கும் என்று கம்பெனியே நம்பிய பேட்டரி, ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒரு கையெழுத்து விழுந்ததும் எப்படிப் பலவீனமாகும்? அவர்களுக்குத் தெரியும், இது தாங்கும் என்று. தெரிந்ததால்தான் வாரண்டியே கொடுக்கிறார்கள். அந்த நம்பிக்கையில் பங்கு எங்கள் மாமா மாதிரி ஆட்களுக்கு மட்டும் குறைகிறது. கார் வாங்கும் குடும்பங்களில் எத்தனை குடும்பத்துக்கு முதல் காரே செகண்ட் ஹேண்ட் என்று உங்கள் தெருவில் எண்ணிப் பாருங்கள்.

இன்னொரு பக்கம், பேட்டரியைக் கட்டும் விதமே மாறிவருகிறது. மாட்யூல் என்ற இடைப்பட்ட பெட்டியே இல்லாமல், செல்லை நேராகப் பேக்கில் அடுக்குகிறார்கள். எடை குறையும், செலவு குறையும், ஒரே இடத்தில் அதிக மின்சாரம் அடங்கும். எஞ்சினியராக எனக்கும் அது அழகாகத்தான் தெரிகிறது. ஆனால் பசையும் நுரையும் ஊற்றி மூடினால், ஒரு செல் கெட்டால் எப்படி எடுப்பது? டெஸ்லாவின் 4680 பேக்கைப் பிரித்துப் பார்த்தவர்கள் கெட்டியான நுரையைச் சுரண்டிச் சுரண்டித்தான் செல்லை அடைய முடிந்தது. 2023 மார்ச்சில் ராய்ட்டர்ஸ் ஒரு செய்தி போட்டது: சின்ன விபத்தில் பேட்டரிப் பெட்டியில் சிராய்ப்பு விழுந்தாலும், உள்ளே என்ன சேதம் என்று கண்டுபிடிக்க வழி இல்லாததால் பல நாடுகளில் இன்சூரன்ஸ்காரர்கள் முழு காரையே கழித்துவிடுகிறார்கள் என்று. வியாதி என்னவென்று சொல்ல மாட்டான் என்று மாமா டீக்கடையில் சொன்னதும் இதேதான்.

நம் நாட்டின் முதல் மின்சார கார்களில் ஒன்று பெங்களூரில் செய்த ரேவா. 2001-ல் வந்தது. எட்டு ஈய-அமில பேட்டரி, ஒவ்வொன்றும் 6 வோல்ட். சில வருடத்தில் தீர்ந்துபோகும். ஆனால் சீட்டைத் தூக்கினால் பேட்டரி தெரியும். இருபத்தைந்து வருடத்தில் பேட்டரியின் ஆயுளைப் பல மடங்கு கூட்டிவிட்டோம். அதைத் தொட்டுப் பார்க்கும் உரிமையைத்தான் தொலைத்துவிட்டோம்.

"தொட்டால் ஷாக் அடிக்கும்"

நியாயமான எதிர்க்கேள்வி ஒன்று இருக்கிறது. கார் பேட்டரி 300, 400 வோல்ட். தவறினால் உயிர் போகும், தீப்பிடித்தால் லேசில் அணையாது. 2022 மார்ச்சில் வேலூரில் சார்ஜில் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் எரிந்து, புகையில் ஒரு அப்பாவும் மகளும் இறந்துபோனார்கள். அதை யாரும் மறக்கக் கூடாது. அந்த வருடத்துத் தீ விபத்துகளுக்குப் பிறகு மத்திய அரசு செல், பேக், கண்ட்ரோல் போர்டு எல்லாவற்றுக்கும் சோதனையைக் கடுமையாக்கியது. சரியான வேலை.

ஆனால் ஆபத்து என்பது பூட்டுவதற்குக் காரணமா, கற்றுக்கொடுப்பதற்குக் காரணமா? கேஸ் சிலிண்டர் ஆபத்து. லிஃப்ட் ஆபத்து. ஹெச்.டி. லைனில் வேலை செய்கிற ஒயர்மேனுக்குத் தெரியாத ஆபத்தா? பயிற்சி கொடுத்து, லைசென்ஸ் கொடுத்து, கையுறை கொடுத்து அனுப்புகிறோம். கார்புரேட்டர் போய் எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் வந்தபோதும், "இனி தெரு மெக்கானிக் அவ்வளவுதான்" என்றார்கள். எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் எட்டாவது படித்தவர். இன்று ஸ்கேனரைச் செருகி எரர் கோடு படிக்கிறார். கோயமுத்தூர் பக்கம் மோட்டார் காயில் கட்டுகிற கடை இல்லாத ஊர் உண்டா? எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிப் போடாமல் மறுபடி கட்டி ஓட்டுகிற கை நம்முடையது.

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் மின்சார ஸ்கூட்டர் செய்கிறார்கள். 2025 ஆகஸ்டிலிருந்து தூத்துக்குடியில் மின்சார கார் செய்கிறார்கள். வண்டியைச் செய்வதற்கு நம் பிள்ளைகளின் கை போதும், ரிப்பேர் பார்க்க மட்டும் போதாதா? ஐ.டி.ஐ.யில் பேட்டரி பேக் பிரிக்கச் சொல்லிக் கொடுங்கள். தேறியவருக்கு லைசென்ஸ் கொடுங்கள். லைசென்ஸ் இல்லாதவர் தொட்டால் அபராதம் போடுங்கள். யார் வேண்டாம் என்றது?

என்னதான் வேணும் உனக்கு?

நாலே விஷயம்.

1. பேட்டரியின் ஆரோக்கியம் டேஷ்போர்டில் தெரிய வேண்டும். வண்டி கை மாறும்போது அதை அச்சடித்துக் கொடுக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 பேட்டரிச் சட்டம் இந்தத் தகவலை உரிமையாளருக்கும், அவர் சார்பில் வருகிறவருக்கும் கொடுக்கச் சொல்கிறது. 2027 பிப்ரவரி 18 முதல் ஒவ்வொரு மின்சார வண்டி பேட்டரிக்கும் ஒரு டிஜிட்டல் பாஸ்போர்ட் அங்கே கட்டாயம். ஐ.நா.வின் வாகன விதிகளில் 2022-ல் வந்த 22-ஆம் எண் விதி, 5 ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோமீட்டரில் 80 சதவீதமும், 8 ஆண்டு அல்லது 1.6 லட்சத்தில் 70 சதவீதமும் மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது. இங்கேயும் பேட்டரிக்கு ஆதார் மாதிரி ஒரு எண் என்று பேச்சு அடிபடுகிறது. எண் மட்டும் கொடுத்து ஆரோக்கியத்தை மறைத்தால் அது ரேஷன் கார்டு கொடுத்து அரிசி கொடுக்காத கதை.

2. பேக்கின் விலையும் மாட்யூலின் விலையும் பட்டியலில் இருக்க வேண்டும். மாட்யூலைத் தனியாக விற்க வேண்டும். அதே ஐரோப்பியச் சட்டம், ஸ்கூட்டர் மாதிரி சின்ன வண்டிகளின் பேட்டரியில் தனித்தனி செல்லைக்கூட வெளி ஆள் ஒருவர் கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்கிறது. ஆக, அப்படிச் செய்ய முடியும்.

3. வாரண்டி வண்டிக்கு. ஆளுக்கு இல்லை.

4. சோதனை மென்பொருளை நியாயமான விலைக்கு வெளி மெக்கானிக்குக்கும் கொடுக்க வேண்டும். நம் நாட்டிலும் ரிப்பேர் உரிமைக்கு 2022-ல் ஒரு குழு போட்டார்கள், டிசம்பரில் ஒரு இணையதளமும் திறந்தார்கள். அதில் மொபைல், விவசாயக் கருவி எல்லாவற்றோடும் வாகனமும் ஒரு துறை. இணையதளம் திறந்தாயிற்று. பேட்டரி மூடியை எப்போது திறப்பீர்கள்?

இது நாலும் நடந்தால் பெரியப்பாக்களிடம் யாரும் வாதாட வேண்டியதில்லை. மாமாவே போய்ச் சோதித்துப் பார்த்து வாங்கிக்கொள்வார். அவர் அளவுக்குக் கறாராக எந்த எஞ்சினியரும் பார்க்க முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடை வழியாகப் போனோம். அந்த மின்சார கார் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தது. கண்ணாடியில் ஒட்டியிருந்த விலையை அடித்து, இன்னும் 40 ஆயிரம் குறைத்து எழுதியிருந்தார்கள். மாமா பெட்ரோல் பங்குக்குத் திரும்பினார். நான் ஒன்றும் பேசவில்லை.

டிஸ்கி: நான் எந்த கார் கம்பெனிக்கும் ஆள் இல்லை. எனக்குச் சைக்கிள்தான். அதில் எல்லா நட்டையும் நானே கழற்றலாம் :-)